ஒத்தை ஏத்தம்

என் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கப்பலிலிருந்து கண்டெய்னரைத் தூக்கி லாரியில் வைக்கும் பெரிய கிரேன். தரையிலிருந்து ஓட்டுநர் அறைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். படி என்றால் இரும்புக் கம்பி. இருபத்தாறு வருடம் அந்தக் கம்பிகளில் ஷிஃப்ட் தொடங்கும்போது ஒரு முறை ஏறினார், முடியும்போது ஒரு முறை இறங்கினார். நடுவில் இறங்கியதில்லை. வாழ்நாளில் நாலு பேர் முன்னால் அவர் பாராட்டு வாங்கியது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். அவரைக் கொன்றதும் இதுதான் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது முழுக்கச் சரியில்லை. சரியானதை எழுதுகிறேன்.

நடுவில் இறங்காமல் இருப்பதற்கு அங்கே ஒரு பெயர் உண்டு. ஒத்தை ஏத்தம். எட்டு மணி நேரத்துக்கு ஒரே ஏத்தம். ஓட்டுநர் ஒருவர் ஒண்ணுக்குப் போக இறங்கி ஏறினால் கிரேன் அரை மணி நேரம் நிற்கும், கீழே லாரிகள் வரிசையாக நிற்கும், கப்பல்காரன் கத்துவான். மாற்று ஆள் ஒருவரை வைத்தால் முடிந்துபோகிற சங்கதி. நிர்வாகம் மாற்று ஆளுக்குப் பதிலாக ஒரு பலகை வைத்தது. நுழைவாயிலில் நீல நிறப் பலகை. அந்த மாதம் ஒரு நாள்கூட நடுவில் இறங்காதவர்களின் பெயர்கள் அதில் வெள்ளை எழுத்தில் இருக்கும். மீசை வைத்த ஆண்கள், பிள்ளை பெற்றவர்கள், மூத்திரத்தை அடக்கியதற்காகப் பலகையில் பெயர் வாங்கினார்கள். பாலர் வகுப்பில்கூட இதற்கு மார்க் கிடையாது.

பலகை யோசனை ஷிஃப்ட் மேற்பார்வையாளருடையது. எதற்கெடுத்தாலும் ஊதுவதால் அவருக்கு விசில் என்று பெயர். விசிலின் அறை தரைத்தளத்தில் இருந்தது. அறைக்குள்ளேயே கழிப்பறையும் இருந்தது.

சில ஓட்டுநர்கள் மேலே பாட்டில் கொண்டுபோனார்கள். அப்பாவுக்கு அவர்களைக் கண்டால் இளக்காரம். அந்த அறையின் தரை கண்ணாடி. கண்டெய்னர் கால்களுக்கு நேர் கீழே தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி. மேலே இருப்பவருக்குக் கீழே தெரிந்தால் கீழே இருப்பவருக்கும் மேலே தெரியும்.

"கண்ணாடி மேல நின்னு பாட்டில்ல போறவனுக்கு வெக்கமே இல்ல" என்பார். "நான் காலையில அஞ்சு மணிக்கு அரை டம்ளர் தண்ணி. அவ்வளவுதான். சாயங்காலம் வரைக்கும் நமக்கு அந்த ஞாபகமே வராது."

"ஒத்தை ஏத்தமாம். உடம்பு பூரா ஏத்தம்தான்" என்பாள் அம்மா. அவர் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

நமக்கு இரண்டு சிறுநீரகங்கள். விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம், ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி அளவு. ரத்தத்தை வடிகட்டி, ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் போலக் கழிவு நீரை இறக்குகின்றன. அது இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாக மூத்திரப்பைக்கு வரும். பை நானூறு, ஐந்நூறு மில்லி தாங்கும். இருநூறு சேர்ந்ததுமே மூளைக்கு முதல் தகவல் போகும். மூளை, இப்போது வேண்டாம், பொறு என்று திருப்பிச் சொல்லும். கொஞ்ச நேரம் பொறுப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இருபத்தாறு வருடம் பொறுத்தால் தகவல் அனுப்புகிறவனுக்கு அலுத்துவிடும். தண்ணீரே குடிக்காமல் பொறுத்தால் உப்புகள் திரண்டு கல்லாகும்.

அப்பாவுக்கு நாற்பத்துமூன்று வயதில் கல் வந்தது. மேலே இருந்தபோது, காலை பதினோரு மணிக்கு. விலாவில் தொடங்கிய வலி அடிவயிற்றுக்கு இறங்கும்; வந்தவர்கள் அதைப் பிரசவத்தோடு ஒப்பிடுவார்கள். நாலு மணி நேரம் அந்த வலியோடு கண்டெய்னர் தூக்கினார். ஒவ்வொன்றும் முப்பது டன். கீழே ஆட்கள் நின்றார்கள். ஒரு கொக்கி பிசகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. மூன்று மணிக்கு இறங்கி, கடைசிப் படியில் வாந்தியெடுத்தார். அந்த மாதமும் பலகையில் பெயர் இருந்தது. இரண்டு நாள் கழித்துக் கல் விழுந்தது. மிளகு அளவு. அதைத் தீப்பெட்டியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடுவீடாகக் காட்டினார்.

வீட்டிலும் அதே சட்டம்தான். பஸ் பயணத்தில் நானோ தம்பியோ ஒண்ணுக்கு என்று சொன்னால், "ரெண்டு மணி நேரம் அடக்க முடியலையா? நீங்கல்லாம் எங்கேருந்து வாழ்க்கையில முன்னேறப்போறீங்க?" என்பார், நாலு சீட்டுக்குக் கேட்கிற மாதிரி. ஒன்பது வயதில் ஒரு தடவை பஸ்ஸிலேயே போய்விட்டேன். "ரேடியேட்டர் லீக்" என்றார். பஸ்ஸே சிரித்தது. அதற்குப் பிறகு நானும் அடக்கினேன். பள்ளியில் காலையிலிருந்து மாலைவரை. பதினாலு வயதில் நீர்க்கடுப்பு, குளிர்க்காய்ச்சல், ரத்தம் கலந்த மூத்திரம். பெண்களுக்கு மூத்திரம் வெளியே வரும் குழாய் நாலு சென்டிமீட்டர்தான். கிருமிக்கு அது ஒரு தூரமே இல்லை. தண்ணீர் குடித்துக் கழித்துக்கொண்டே இருந்தால் அது கிருமியை அடித்துக்கொண்டு போய்விடும். பத்து நாள் மாத்திரை சாப்பிட்டேன். "தண்ணி குடிக்காம இருந்தா எரியாதே" என்றார் அப்பா. இதை ஆலோசனையாகத்தான் சொன்னார்.

நான் படித்து, கருவிகள் பொருத்தும் வேலைக்குப் போனேன். எண்ணெய், ரசாயனம், தண்ணீர் எதுவானாலும் பெரிய தொட்டிகளில் மட்டம் எவ்வளவு என்று அளக்கும் கருவிகள். தொட்டி நிறைந்தால் மணி அடிக்க வேண்டும். மணி கெட்டுப்போனால், மேல்புறம் ஒரு குழாய் இருக்கும். அதன் வழியாக வழியும். அந்தக் குழாய் சொட்டினால் தொட்டி முழுக்க நிறைந்துவிட்டது என்று பொருள். புதிதாக வருகிற பையனுக்கு முதல் நாளே சொல்லித் தரும் பாடம் இது. பதினெட்டு வருடமாக நான் செய்யும் வேலை.

அப்பா ஓய்வு பெற்று ஆறேழு வருடம் ஆனதும் குளியலறையில் அதிக நேரம் நிற்க ஆரம்பித்தார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பார். வெளியே கேட்கக் கூடாது என்பதற்காக. உள்ளே கேட்க ஒன்றுமில்லை. ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே, வெளியேறும் குழாயைச் சுற்றி ஒரு சுரப்பி உண்டு. புராஸ்டேட். வயதானால் பெரிதாகும், நடுவில் போகும் குழாயை நெரிக்கும். நின்று காத்திருக்க வேண்டும். வந்தால் நூல் மாதிரி வரும். முடிந்தது என்று திரும்பினால் மறுபடி வரும். அறுபது தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு இருக்கிறது. மாத்திரை இருக்கிறது, அறுவை சிகிச்சை இருக்கிறது. வாய் திறந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதைத்தான் அவரால் செய்ய முடியவில்லை. கிரேன் ஓட்டிய காலத்தில் எல்லாரையும் எதற்குக் கேலி செய்தாரோ அதே விஷயத்துக்குள் இவரே வந்து மாட்டிக்கொண்டார்.

நான் வேறு ஊரில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன்.

"அப்பா, ஒண்ணுக்கெல்லாம் ஒழுங்கா போகுதா?"

"அதுக்கென்ன. போயிட்டே இருக்கு."

"ரொம்ப அடிக்கடி போறதா அம்மா சொன்னாங்க."

"உங்கம்மா அதையா கணக்கெடுக்கிறா? போகலைன்னாதானே கவலை. நமக்குத்தான் போயிட்டே இருக்கே."

போகிறது என்றால் நல்லதுதானே என்று நினைத்தேன். படித்தவள். அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு வேட்டி நனைய ஆரம்பித்தது. அம்மா விரிப்புக்கு அடியில் ரப்பர் ஷீட் போட்டாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. கட்டுப்பாடு போய்விட்டது என்று அவர் முடிவு செய்துகொண்டார். கட்டுப்பாடு போனவருக்கு அவர் அறிந்த ஒரே மருந்து தண்ணீரை நிறுத்துவது. அதைச் செய்தார். அது போதாமல் என் மாமா, அம்மாவின் தம்பி, உள்ளே புகுந்தார்.

மாமா மருந்துக்கடையில் இருபது வருடமாகக் கவுன்டரில் நிற்கிறார். மாத்திரை எடுத்துக் கொடுத்துக் கொடுத்து, பாதி டாக்டர் ஆகிவிட்டதாக அவருக்கு நினைப்பு. மீதிப் பாதியையும் எங்கள் குடும்பத்தில்தான் பழகினார்.

"அக்கா, இது ஒண்ணுமில்ல. பை ஓவரா வேலை செய்யுது. இந்த மாத்திரையைப் போட்டா டேப்பைத் திருகி மூடின மாதிரி நின்னுடும். பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வாங்கறாங்க."

அது மூத்திரப்பையின் தசையைத் தளர்த்துகிற மாத்திரை. ஓயாமல் துடிக்கிற பைக்குக் கொடுப்பது. அப்பாவின் பை துடிக்கவே இல்லை. அது நிறைந்து, ஊதி, தள்ளச் சக்தியில்லாமல் கிடந்தது. கொஞ்சநஞ்சம் இருந்த சக்தியையும் மாமா மூன்று வாரத்தில் தளர்த்திவிட்டார்.

நான் வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் கால்கள் வீங்கியிருந்தன. சாப்பாடு பிடிக்கவில்லை. வயிறு முன்னே தள்ளியிருந்தது.

"தொப்பை போட்டுட்டீங்களே" என்றேன்.

"உக்காந்து சாப்பிடறவனுக்கு வராம என்ன" என்றார்.

கை வைத்துப் பார்த்தேன். தொப்பை என்றால் கை அமுங்கும். இது தொப்புள்வரை உருண்டையாக, இறுகி நின்றது. விரலால் தட்டினேன். நிறைந்த பீப்பாயைத் தட்டினால் வருகிற சத்தம். வேலையில் இந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன்.

சிறுநீரகப் பிரிவில் டாக்டர் ஒரு பெண். என் வயது இருக்கும். அப்பா கட்டிலில் ஏற மறுத்தார்.

"ஆம்பளை டாக்டர் யாரும் இல்லையா?"

"இருக்கார். அவரும் இதே குழாயைத்தான் போடுவார். படுங்க."

குழாய் உள்ளே போனதும் அதன் மறுமுனையில் மாட்டிய பிளாஸ்டிக் பையில் மூத்திரம் இறங்க ஆரம்பித்தது. நர்ஸ் பையைக் காலி செய்துவிட்டு மறுபடி மாட்டினாள். இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டாயிரத்து முந்நூறு மில்லி. ஐந்நூறு தாங்குகிற இடத்தில். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். வெட்கம் ஒருபக்கம் இருக்க, முகம் தானாகத் தளர்ந்தது. எத்தனை மாதமாகத் தளராத முகமோ.

"இத்தனை நாள் என்ன பண்ணீங்க? போகுதான்னு யாரும் கேக்கலையா?" என்றார் டாக்டர் என்னிடம்.

"கேட்டேன். போயிட்டே இருக்குன்னார்."

"அது போறதில்லம்மா. வழியறது."

ஒரு சொல்தான் வித்தியாசம். அந்தச் சொல்லை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன். தொட்டி வழிந்தால் தெரிந்துகொள்ளக் கருவி பொருத்துகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. என் வீட்டில் ஒருவர் ஒரு வருடம் வழிந்துகொண்டிருந்தார். நான் வாரத்துக்கொரு தடவை போனில் கேட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டேன். மாமாவைத் திட்ட எனக்கு என்ன தகுதி இருந்தது என்று தெரியவில்லை. திட்டினேன்.

டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். கீழே போக வழியில்லாத நீர் மேலே அழுத்தி, இரண்டு சிறுநீரகங்களையும் பலூன் மாதிரி ஊத வைத்திருந்தது. ரத்தத்தில் சேரும் கழிவான கிரியேட்டினின் ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டும். அப்பாவுக்கு ஒன்பது புள்ளி எட்டு.

"இவர் வேலையில இருபத்தாறு வருஷம் அடக்கினவர். அதனாலயா?" என்று கேட்டேன்.

"அடக்கினா புராஸ்டேட் வீங்காது. வயசானா வீங்கும். ஆனா அடக்கிப் பழகினவங்களுக்குப் பை நிறைஞ்சது உறைக்காது. மத்தவங்க துடிச்சு ஓடி வந்திருப்பாங்க. இவர் வரல."

குழாய் போட்ட பத்து நாளில் கிரியேட்டினின் மூன்று புள்ளி ஒன்றுக்கு இறங்கியது. அதற்குக் கீழே இறங்காது என்றார் டாக்டர். ஆறு வாரம் கழித்து அறுவை சிகிச்சை. அதுவரை குழாய் உள்ளேயே இருக்க வேண்டும். அம்மா, அப்பா, நான் மூன்று பேரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"கால் பங்கு கிட்னிதான் மிச்சம். அதை இந்தக் குழாய்தான் பிடிச்சு வெச்சிருக்கு. ஒரு நாள்கூட எடுக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுது" என்றோம், மூன்று பேரும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கூடத்துக்கு வருவதை நிறுத்தினார். மூத்திரம் இறங்கும் பையை ஒரு துணிப்பைக்குள் போட்டு, அதன்மேல் துண்டைப் போட்டு, கட்டிலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வாரம் விசில் வந்தார். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் கம்பெனியின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு மேடைப் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள். அழைப்பிதழை நீட்டினார்.

"ஒத்தை ஏத்தக்காரங்க மொத்தம் ஏழு பேர்தான் உயிரோட இருக்கீங்க. மேடையில ஏழு நாற்காலி. நடு நாற்காலி உங்களுக்கு."

"எனக்கு உடம்பு சரியில்ல சார்."

"நாலு மணி நேரம்தானய்யா. உங்களுக்கு நாலு மணி நேரமெல்லாம் ஒரு விஷயமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். போகும்போது எங்கள் கழிப்பறையை உபயோகித்துவிட்டுப் போனார்.

தொடையில் கட்டிக்கொள்ளும் சின்னப் பை ஒன்று வாங்கி வந்தேன். கால்சட்டைக்குள் கட்டினால் ஒன்றும் தெரியாது.

"இதைக் கட்டிக்கிட்டுப் போங்க. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே" என்றார்.

அன்று மதியம் வேறு பேச்சு பேசினார். நிதானமாக, தொழில் தெரிந்தவர் இன்னொரு தொழில் தெரிந்தவரிடம் கேட்கிற மாதிரி.

"ஏம்மா இஞ்சினியரம்மா, இது உள்ள எப்படி நிக்குது? தையல் போட்டிருக்காங்களா?"

"இல்லப்பா. நுனியில ஒரு சின்ன பலூன் இருக்கு. உள்ள போனதும் தண்ணி ஏத்தி ஊத வைப்பாங்க. அது மூத்திரப்பையோட வாயில உக்காந்துக்கும். அதான் வெளிய வராது."

"தண்ணி எது வழியா ஏத்துவாங்க?"

"இதோ, பின்னால ரெண்டு வாய் இருக்கு பாருங்க. ஒண்ணு மூத்திரம் வர்றது. இந்தச் சின்ன வாய் பலூனுக்கு. உள்ள ஒரு வால்வு. ஊசியில்லாத சிரிஞ்ச்சை வெச்சு அழுத்தினாத்தான் திறக்கும்."

"அப்ப கழட்டும்போது?"

"அதே வாயில சிரிஞ்ச்சை வெச்சு உறிஞ்சிடுவாங்க. பலூன் சுருங்கும். குழாய் தானா வழுக்கிட்டு வந்துடும்."

"எவ்வளவு தண்ணி?"

"பத்து மில்லி."

"நல்ல டிசைன்" என்றார்.

செய்தித்தாளின் ஓரத்தில் படம்கூடப் போட்டுக் காட்டினேன். எனக்கு நாற்பது வயது ஆகும்வரை அவர் என்னிடம் என் வேலை சம்பந்தமாக ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வால்வின் வெட்டுத் தோற்றத்தைத் தனியாக வரைந்தேன். முட்டாள்தனத்துக்கு இவ்வளவு சுத்தமான வரைபடம் வேறு யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குத் திரும்பினேன். விழா அடுத்த சனிக்கிழமை. பையைக் கட்டிக்கொண்டு போவதாக அம்மா போனில் சொன்னாள். சனிக்கிழமை மதியம் தம்பி போட்டோ அனுப்பினான். நடு நாற்காலியில் அப்பா, நிமிர்ந்து, வெள்ளைச் சட்டையில், மடியில் கேடயத்தோடு. நான் ஒரு தொட்டியின் அடியில் நின்றுகொண்டு பார்த்தேன். பை துளியும் தெரியவில்லை. நன்றாகக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். "சூப்பரா இருக்கீங்கப்பா" என்று பதில் அனுப்பினேன்.

மேடையில் விசில் பேசியதைத் தம்பி வீடியோவும் எடுத்திருந்தான். "அடக்கம் என்றால் என்ன என்று இளைய தலைமுறை இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றார் விசில். கை தட்டினார்கள்.

ஞாயிறு அலுப்பு என்று படுத்திருந்தார். விழாவுக்காகக் கழட்டிய குழாயைத் திங்கட்கிழமை போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணமாம். திங்கட்கிழமை, கொஞ்சம் கொஞ்சம் தானாகவே போகிறது, எதற்குக் குழாய் என்றாராம். அன்று சாயங்காலம் குளிர் எடுத்துக் கட்டில் ஆடியது. செவ்வாய்க்கிழமை அம்மா எனக்குப் போன் செய்தபோது அவருக்கு நினைவு பிசகியிருந்தது. இரண்டு கையாலும் இல்லாத நெம்புகோல்களைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளு, கொஞ்சம் தள்ளு" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் மறுபடி குழாய் போட்டார்கள். வந்தது மூத்திரம் இல்லை, சீழ். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. இரண்டு முறை டயாலிசிஸ் செய்தார்கள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. அட்டையைப் பார்த்தபடி, "யார் எடுத்தா?" என்று மட்டும் கேட்டார். "தெரியல" என்றேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பா இறந்தார். அறுபத்தொன்பது வயது.

விசில் வந்தார். "போற வரைக்கும் அடக்கமான மனுஷன்" என்றார். அடக்குவது, பணிவு, புதைப்பது என்று அந்தச் சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. பணிவு அவரிடம் இருந்ததே இல்லை. மற்ற இரண்டையும் செய்து முடித்தாகிவிட்டது என்று சொல்ல நினைத்தேன். வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். 

ஒரு வாரம் கழித்துக் குளியலறையைச் சுத்தம் செய்தேன். கண்ணாடிக்குப் பின்னால், சவரக் கத்திகளோடு, ஒரு சிரிஞ்ச் இருந்தது. ஊசி இல்லை. இருபது மில்லி. உறையும் பக்கத்திலேயே மடித்து வைத்திருந்தது. அப்பா எதையும் உறையோடு பத்திரப்படுத்துகிறவர்.

மாமாவின் கடைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கவுன்டரில் அவரும் இன்னொரு பையனும் நின்றார்கள். சிரிஞ்ச்சைக் கண்ணாடி மேல் வைத்தேன்.

"இதை அவர் கேட்டாருன்னு எடுத்துக் குடுத்துட்டீங்க. எதுக்குன்னு கேக்கத் தோணல. பாதி டாக்டர் இல்ல நீங்க?"

மாமா உறையைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது.

"அத்தான் வரலம்மா. அவர் எங்க படி இறங்கினாரு? அக்காதான் வந்துச்சு."

"எதுக்குன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். செடிக்கு மருந்து அடிக்கன்னுச்சு."

எங்கள் வீட்டில் செடி கிடையாது. அது மாமாவுக்கும் தெரியும். தெரிந்தே கொடுத்திருக்கிறார். சிரிஞ்ச்சை எடுத்துக் கைப்பைக்குள் போட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. யாரோ இருமல் மருந்து கேட்டு வந்தார்கள். நான் நகர்ந்து வழிவிட்டேன்.

வீட்டில் அம்மா ரப்பர் ஷீட்டைக் கழுவிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். யாருக்குப் பயன்படும் என்று அதைக் கழுவினாள் என்று தெரியவில்லை. நான் சிரிஞ்ச்சைக் காட்டவில்லை. முதலில் என் பங்கைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

"அம்மா, குழாயை எப்படிக் கழட்டறதுன்னு அப்பாவுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். படம் போட்டுக் காட்டினேன்."

"தெரியும். அடுப்படியில நின்னு கேட்டுட்டுத்தானே இருந்தேன்" என்றாள். ஷீட்டின் சுருக்கத்தை இழுத்துவிட்டாள். "நீ பத்துன்னு சொன்னே. கடையில அஞ்சு இருந்துச்சு, இருபது இருந்துச்சு. அஞ்சுன்னா ரெண்டு தடவை இழுக்கணும். உங்கப்பாவுக்குக் கை நடுங்கும். அதான் இருபது வாங்கினேன்."

"டாக்டர் சொன்னதைக் கேட்டுட்டுத்தானே இருந்தே?"

"கேட்டேன்."

"அப்புறம் ஏம்மா?"

ஷீட்டின் இரண்டு முனைக்கும் கவ்வி போட்டாள். மூன்றாவது கவ்வி கையிலேயே இருந்தது.

"எனக்கும் முன் வரிசையில நாற்காலி போட்டிருந்தாங்க" என்றாள் அம்மா.